புத்தகம் யாருக்கு?

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். மேல்தட்டிலிருந்து எடுக்கும்போது ஒரு பிரார்த்தனைப் புத்தகம் கைதவறிக் கீழே விழுந்தது. நான் குனிவதற்குள் பக்கத்தில் நின்ற பெரியவர் அதை எடுத்து, அட்டையில் முத்தமிட்டு, என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகப் போனது. அவர் என்னையே பார்த்தார்.

"உங்கள் ஊரிலும் இப்படித்தானா?"

"தெரியாமல் கால் பட்டுவிட்டாலும் இப்படித்தான்," என்றேன். அன்றைக்கே எனக்கு அந்தக் கடை பிடித்துப்போனது.

லண்டனின் வடமேற்கில் உள்ள கோல்டர்ஸ் கிரீனில் இருந்தது அந்த யூதப் புத்தகக் கடை. யூதர்கள் நிறைய வாழும் பகுதி. நார்தர்ன் லைன் ரயிலில் வந்து இறங்கினால் ரொட்டிக் கடை, யூத உணவு விதிப்படி விற்கும் கோஷர் இறைச்சிக் கடை, நகைக்கடை, அப்புறம் நாங்கள். சனிக்கிழமை விடுமுறை, ஞாயிறு முழு நாள் வியாபாரம். வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குள் ஷபாத் என்னும் ஓய்வுநாள் தொடங்கிவிடும். டிசம்பரில் லண்டனில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடுவதால் மதியம் ஒன்றரைக்கே ஷட்டரை இறக்கிவிடுவோம். அதுவரை கூட்டம் தாங்காது. ஷபாத்தில் மின்சாதனங்களைத் தொடமாட்டார்கள். போன், டிவி, கிண்டில் எதுவும் கிடையாது. அச்சடித்த புத்தகம் மட்டும்தான். ஒரு நாள் முழுக்க வீட்டில் பிள்ளைகளைச் சமாளிக்க வேண்டிய அம்மாக்கள் வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு கதைப் புத்தகங்களாவது வாங்காமல் போகமாட்டார்கள். புத்தகக் கடைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் கடை தாக்குப்பிடித்ததற்கு அந்த இருபத்தைந்து மணி நேரம்தான் காரணம் என்று நான் இன்றும் நம்புகிறேன்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தது ஒரு தவறு. அவர்களுடைய பிரார்த்தனைப் புத்தகத்துக்கு சித்தூர் என்று பெயர். நம் ஆந்திர எல்லையில் உள்ள ஊரைச் சொல்வது போலவே சொல்லலாம். ஒரு நாள் வயதான அம்மா ஒருவர் வந்தார். பேரனுக்குப் பதின்மூன்று வயது நிறைகிறது, பார் மிட்ஸ்வா சடங்கு, ஒரு நல்ல சித்தூர் வேண்டும். "நாங்கள் செஃபார்தி," என்றார். யூதர்களில் ஸ்பெயின், மத்தியக் கிழக்கு வழி வந்தவர்களை அப்படிச் சொல்வார்கள். அலமாரியில் 'செஃபார்த்' என்று அச்சிட்ட வரிசை இருந்தது. தோல் அட்டை போட்டதாக ஒன்றை எடுத்து, பேரன் பெயரைப் பொன்னெழுத்தில் பொறிக்கக் கொடுத்து, பரிசுத்தாளில் சுற்றியும் தந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே பொட்டலத்தோடு வந்து நின்றார். கோபம் இல்லை. "பையன் தொழுகைக்கூடத்தில் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே நின்றான் அம்மா, எங்கள் பிரார்த்தனை வரிசையே இதில் இல்லை," என்றார். முதலாளி வந்து விளக்கியபோதுதான் எனக்குப் புரிந்தது. 'செஃபார்த் வழக்கம்' என்று அச்சிட்டிருப்பது கிழக்கு ஐரோப்பாவின் ஹசிதிய யூதர்கள் என்னும் பக்திப் பிரிவினர் கைக்கொண்டது. பெயரில்தான் செஃபார்த். இந்த அம்மாவின் குடும்பம் பாக்தாத்திலிருந்து கல்கத்தாவுக்குப் போய், அங்கிருந்து லண்டன் வந்தது. அவர்களுக்குத் தேவை 'எதோத் ஹமிஸ்ராஹ்', அதாவது கிழக்கத்திய சமூகங்களின் வழக்கம். இரண்டும் அடுத்தடுத்த தட்டில்தான் இருந்தன.

பெயர் பொறித்த புத்தகத்தை வேறு யாருக்கு விற்க முடியும்? முதலாளி நஷ்டத்தை ஏற்றுக்கொண்டார், என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "இனிமேல் எந்தப் புத்தகம் என்று கேட்காதே. யாருக்கு, அவர் எந்தத் தொழுகைக்கூடத்துக்குப் போகிறவர், தாத்தா பாட்டி எந்த ஊர்? இதைக் கேள்," என்றார். அந்த அம்மாவோ புதுப் புத்தகம் வரும்வரை நாற்காலியில் உட்கார்ந்து, கல்கத்தா நியூ மார்க்கெட்டில் உள்ள நாஹூம் பேக்கரியின் பிளம் கேக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். 1902இல் தொடங்கிய யூதர் கடை அது. எழுபது வருடம் கழித்தும் அந்தக் கேக்கின் வாசனையை அவரால் சொல்ல முடிந்தது.

அதற்குப் பிறகு கேட்கப் பழகினேன். கேட்டால் மனிதர்கள் சொல்கிறார்கள். யூத சமயச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தல்மூத்தைத் தினம் ஒரு தாள் வீதம் படிக்கும் 'தாஃப் யோமி' என்ற வழக்கம் 1923இல் தொடங்கியது. மொத்தம் 2,711 தாள்கள், முடிக்க ஏழரை வருடம். 2020 ஜனவரி 5ஆம் தேதி பதினான்காம் சுற்று ஆரம்பித்தபோது முதல் தொகுதியை எடுத்துக் கொடுத்தே எங்கள் கை ஓய்ந்தது. அதில் ஒருவர் மறுநாளே திரும்பி வந்து, முதல் பக்கம் இல்லை, புத்தகம் இரண்டிலிருந்து தொடங்குகிறது என்றார். தல்மூத்தின் தொகுதிகள் பொதுவாக இரண்டாம் தாளில்தான் தொடங்கும், அது அச்சுப் பிழை இல்லை என்று நான் சொன்னதும், "அப்படியானால் நான் ஒன்றும் தவறவிடவில்லையே?" என்று கேட்டார். ஐம்பது வயதில் முதல்முறையாகப் படிக்க உட்கார்ந்தவர். பாதியில் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். ஒவ்வொரு தொகுதி முடிந்ததும் அடுத்ததற்கு வந்துகொண்டே இருந்தார்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கறுப்புக் கோட்டும் தொப்பியும் அணிந்த ஆண்கள் சிலர் காசை என் கையில் தராமல் மேசைமேல் வைப்பார்கள். மீதியையும் நான் மேசைமேல்தான் வைக்க வேண்டும். கைக்கு எட்டாமல் காசை வைப்பதற்கு நம் ஊரில் என்ன அர்த்தம் என்று தெரிந்த எனக்கு, முதல் நாள் வயிறு எரிந்தது. வீட்டுக்குப் போயும் ஆறவில்லை. பிறகு ஒரு நாள் முதலாளியின் மனைவி கல்லாவில் இருந்தார். அவரிடமும் அதே ஆட்கள் அதே மாதிரி மேசைமேல்தான் வைத்தார்கள். குடும்பத்துக்கு வெளியே உள்ள பெண் யாராக இருந்தாலும் தொடுவதில்லை என்பது அவர்கள் ஒழுக்கம். அந்த வழக்கம் எனக்குப் பிடித்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் பயந்த அர்த்தம் அதில் இல்லை என்று தெரிந்ததும் மனசு அடங்கியது.

பண்டிகை வந்தால் நிற்க நேரமிருக்காது. ரோஷ் ஹஷானா என்னும் புத்தாண்டுக்குப் பெரிய பிரார்த்தனை நூல்கள், ஹனுக்கா என்னும் விளக்குத் திருநாளுக்கு நாற்பத்து நான்கு மெழுகுத்திரி கொண்ட பெட்டிகள். மெசூசா வாங்க வருகிறவர்கள் வருடம் முழுக்க உண்டு. கதவுநிலையில் பதிக்கும் உறை மலிவு, உள்ளே வைக்கும், வேத வசனம் எழுதிய தோல்சுருள் பல மடங்கு விலை. ஏன் என்று கேட்பார்கள். 713 எழுத்தையும் ஒருவர் கையால் எழுதியிருக்கிறார், ஒன்று விட்டுப்போனாலும் செல்லாது என்று காட்டினால் பேரம் நின்றுவிடும்.

ஒரு டிசம்பர் வெள்ளிக்கிழமை, ஷட்டரை இறக்கப் போகும் நேரத்தில், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் உள்ளே வந்தார். எதையும் கேட்காமல் அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றார். "யாருக்குப் பார்க்கிறீர்கள்?" என்றேன். "அப்பாவுக்கு," என்றவர், கொஞ்சம் கழித்து, "அப்பா தவறிவிட்டார். கதீஷ் சொல்ல வேண்டும். எனக்கு எபிரேயம் படிக்கத் தெரியாது," என்றார். பெற்றவர்களுக்காகப் பிள்ளைகள் பதினொரு மாதம் சொல்லும் பிரார்த்தனை அது. அரமாயிக் மொழியில், எபிரேய எழுத்தில் இருக்கும். மரணம் என்ற சொல்லே அதில் வராது, முழுக்கக் கடவுளின் புகழ்தான். ஆங்கில எழுத்தில் அச்சிட்ட சிறு நூலைத் தேடிக் கொடுத்தேன். "யித்கதால் வெயித்கதாஷ்..." என்று அங்கேயே எழுத்துக்கூட்ட ஆரம்பித்தார். மூன்றாவது சொல்லில் தடுக்கியது. தட்டுக்குப் பின்னால் இருந்த வாடிக்கையாளர் ஒருவர் பக்கத்தில் வந்து, விரலால் தொட்டுக் காட்டி, வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தார். இருவரும் ஒருவரையொருவர் முன்பின் பார்த்ததில்லை. முதலாளி சாவியைக் கையில் வைத்துக்கொண்டே காத்திருந்தார். போகும்போது அந்த வாடிக்கையாளர், "நீங்கள் நீண்ட காலம் வாழ வேண்டும்," என்றார். துக்கம் கேட்க இங்கிலாந்து யூதர்கள் சொல்வது அதுதான். பிறந்தநாள் வாழ்த்து மாதிரி இருக்கிறதே என்று முன்பெல்லாம் எனக்குத் தோன்றும். அன்று தோன்றவில்லை.

கடைசியாகச் சொல்ல வேண்டியது ஒரு பெண்மணியைப் பற்றி. அப்பாவின் வீட்டைக் காலி செய்துவிட்டு இரண்டு அட்டைப்பெட்டி நிறையப் புத்தகங்களோடு வந்தார். எடுத்துக்கொள்வீர்களா, விலை கிடைக்குமா என்று கேட்டார். கிழிந்து பயன்படாமல் போன புனித நூல்களைக் குப்பையில் போடக் கூடாது, சேர்த்துவைத்து மண்ணில் புதைப்பார்கள். அப்படிப் போக வேண்டியவற்றை ஒருபக்கம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பழைய ஹகாதா வந்தது, எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பாஸ்கா பண்டிகை இரவில் குடும்பமாக உட்கார்ந்து வாசிப்பது. தானாகவே ஒரு பக்கத்தில் திறந்துகொண்டது. எகிப்தின்மேல் கடவுள் அனுப்பிய பத்து வாதைகள் வரும் பக்கம். ஒவ்வொரு வாதையின் பெயரைச் சொல்லும்போதும் விரலைத் திராட்சை ரசத்தில் தொட்டு ஒரு துளி சிந்துவார்கள். அந்தப் பக்கம் முழுக்க ஊதா, பழுப்பு, வெளிர் சிவப்பு என்று வருடக்கணக்கான கறைகள்.

"இது யாருடையது?" என்று கேட்டேன்.

அவர் வாங்கிப் பார்த்தார். ஒரு பெரிய கறையின்மேல் தன் ஆள்காட்டி விரலை வைத்தார். "அப்பா எப்போதும் அதிகமாகத்தான் தொடுவார்," என்றார். பக்கத்திலிருந்த சின்னச் சின்னப் புள்ளிகளைக் காட்டி, "இவை நான்," என்றார்.

பை எடுத்துக் கொடுக்கப் போனேன். வேண்டாமென்று சொல்லிவிட்டு, புத்தகத்தைக் கோட்டுக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். பெட்டிகளை அப்புறம் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிக் கிளம்பினார்.