ஸ்கிராப் புக்கும் மைதா பசையும்

நம் வேலூர்ப் பள்ளியில் படித்தவர்களில் பலர் ஒரு ஸ்கிராப் புக்காவது வைத்திருந்தோம். காலண்டர் ஓவியம், வார இதழ்ப் புகைப்படம், காலை வழிபாட்டில் வாசித்த பொன்மொழி எல்லாம் அதில் சேரும். கடல் கடந்து வந்த பெட்டியில் அது இன்னும் கிடந்தால், அதன் இன்றைய நிலைக்குப் பாதிக் காரணம் அன்று காய்ச்சிய பசைதான்.

ஒரு பங்கு மைதாவுக்கு ஐந்து பங்கு பச்சைத் தண்ணீர். கட்டியில்லாமல் கரைத்த பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும். சிறுதீயில் கிளறக் கிளற வெண்மை போய்த் தெளியும். அதற்கு முன் இறக்கினால் மாவு வேகாது, பிடிப்பும் இருக்காது. பூச்சி அரிக்காமலிருக்கச் சிட்டிகை மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுவதுண்டு. அது விஷம், சமையல் பாத்திரத்தில் வேண்டாம். படத்தின் முதுகு முழுக்கப் பசை பூசினால் பக்கம் அப்பளம் போல நெளியும். ஓரத்தில் மட்டும் மெல்லத் தடவி, மேலே வெற்றுத்தாள் போட்டு, கனமான அட்லஸை இரவெல்லாம் ஏற்றி வைத்தால் படியும். செய்தித்தாள் துண்டு எப்படியும் பழுக்கும். அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சத்திலும் காற்றிலும் நிறம் மாறுகிறது.

பின்னாளில் வந்த, ஒட்டும் பக்கமும் பிளாஸ்டிக் உறையும் கொண்ட ஆல்பம் பசையைவிட மோசம். இறுகிய படத்தைப் பிடித்து இழுக்காதீர்கள். முதலில் பக்கத்தை முழுதாகப் படமெடுத்துவிட்டு, பல் இடுக்கு நூலைப் படத்துக்கடியில் நுழைத்து மெதுவாக அறுத்து வாருங்கள்.

குறிப்பில்லாத படம் பாதிப் படம்தான். தப்பான குறிப்போ அதைவிடக் கெடுதல். 1806 ஜூலை 10 வேலூர்ப் புரட்சியின் 'புகைப்படம்' என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள். புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839இல். அது ஓவியமாகவோ பிற்காலப் படமாகவோதான் இருக்கும். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தின் யாளித் தூண்களை எடுத்திருந்தால், எந்த நேரத்து வெளிச்சம் என்பதையும் குறியுங்கள். பக்கவாட்டு வெயிலில் எழும்பி நிற்கும் செதுக்கல், நேர் ஃபிளாஷில் தட்டையாகிவிடும்.

பொன்மொழிக்கும் இதே கண்டிப்பு வேண்டும். 'எப்பொருள்' என்று தொடங்கி 'மெய்ப்பொருள் காண்ப தறிவு' என்று முடியும் குறள்கள் இரண்டு. 'யார்யார்வாய்க் கேட்பினும்' என்பது 423, 'எத்தன்மைத் தாயினும்' என்பது 355. எண்ணில்லாமல் எழுதிய நோட்டில் இரண்டும் குழம்பிப்போகும்.

நம் பள்ளி மலருக்குப் பழைய படம் அனுப்புகிறவர்கள் அங்குலத்துக்கு 600 புள்ளியில் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனர் இல்லையென்றால் ஜன்னலோர நிழலில், ஃபிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து எடுங்கள். படத்தின் பின்பக்கம் ஆண்டும் பெயரும் மென்மையான பென்சிலால், ஓரமாக. பால்பாயின்ட் அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும்.