22 நாள் சம்பளமில்லா விடுப்பும் குறையாத டிடிஎஸ்ஸும்

போன செப்டம்பரில் மாடிப்படியில் வழுக்கி விழுந்ததில் வலது கணுக்கால் முறிந்தது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். மருத்துவமனைச் செலவு நிறுவனத்தின் குரூப் இன்ஷூரன்ஸில் கேஷ்லெஸ்ஸாகப் போய்விட்டதால் அதில் பெரிய தலைவலி இல்லை. தலைவலி விடுப்பில்தான். மருத்துவ விடுப்பு 10 நாள், ஈட்டிய விடுப்பு 16 நாள், இரண்டும் தீர்ந்தும் காலை ஊன்ற முடியவில்லை. அக்டோபரில் 22 நாள் சம்பளமில்லா விடுப்பு, அதாவது எல்ஓபி.

என் மாதச் சம்பளம் 1,14,000 ரூபாய். எங்கள் அலுவலகத்தில் எந்த மாதமானாலும் 30ஆல் வகுத்துத்தான் ஒரு நாள் சம்பளம் போடுவார்கள். ஆக நாளுக்கு 3,800. அக்டோபர் கடைசியில் பேஸ்லிப் வந்தது. எட்டு நாள் சம்பளம் 30,400. அதில் பி.எஃப். 1,800, டிடிஎஸ், அதாவது சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளும் வருமான வரி, 6,409. கையில் வந்தது 22,191.

காலை நீட்டிப் போட்டுக்கொண்டு அந்த 6,409ஐயே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றேகால் லட்சத்துக்குக் கிட்டத்தட்ட சம்பளம் வந்த மாதத்திலும் 6,409, முப்பதாயிரம் வந்த மாதத்திலும் அதே 6,409.

அந்த நேரத்தில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பார்க்க வந்த பக்கத்து வீட்டக்கா, "உடம்பு சரியில்லாம இருந்தப்ப வாங்கின சம்பளத்துக்கு வரியே கிடையாதே" என்றார். அது தப்பு. மருத்துவ விடுப்பில் நிறுவனம் கொடுப்பதும் சம்பளம்தான். வேலைக்குப் போய் வாங்கிய நாளுக்கும் படுத்திருந்து வாங்கிய நாளுக்கும் வரியில் வித்தியாசம் இல்லை. இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் கதை வேறு. அதில் நோய்க்கால உதவியாகச் சராசரி தினக்கூலியில் 70 சதவீதத்தை வருடத்துக்கு 91 நாள் வரை இ.எஸ்.ஐ. கழகமே தரும், நிறுவனம் அல்ல. ஆனால் மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்குத்தான் இ.எஸ்.ஐ. நான் அதில் இல்லை.

என்னுடைய முதல் கணக்கும் தப்புதான். முப்பதாயிரத்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் வரி வரம்புக்குள்கூட வராதே, அப்படியானால் இந்த மாதம் பிடித்தமே கூடாதே என்று நினைத்தேன். சம்பளத்துக்கான டிடிஎஸ் அப்படி மாதத்தைப் பார்த்துப் பிடிப்பது இல்லை. 2025-26 நிதியாண்டுக்குப் பொருந்திய 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 192ஆம் பிரிவுப்படி, அந்த நிதியாண்டு முழுக்க நமக்கு எவ்வளவு சம்பளம் வரும் என்று நிறுவனம் மதிப்பிட்டு, அதற்கான வரியைச் சராசரியாக்கி மாதாமாதம் பிடிக்க வேண்டும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, வருட மதிப்பீட்டில் என் எல்ஓபி கழிந்ததா இல்லையா என்பதுதான்.

கழியவில்லை. கணக்குப் பிரிவில் கேட்டு வாங்கிய வரிக் கணக்குத் தாளில் வருடச் சம்பளம் 13,68,000 என்றே இருந்தது. போன் போட்டேன்.

"சார், சம்பளமே முப்பதாயிரம்தான் வந்திருக்கு. எல்ஓபியைக் கழிச்சு வரி போடலையே?"

"மேடம், ஏப்ரல்லயே வருஷ வரியைப் பன்னிரண்டாப் பிரிச்சு லாக் பண்ணியாச்சு. கூடப் பிடிச்சிருந்தா ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வாங்கிக்கங்க."

அவர் மோசமான மனிதர் இல்லை. மாதம் 25ஆம் தேதியானால் அவர் மேஜைப் பக்கமே போக முடியாது, அவ்வளவு வேலை. ஆனால் ரீஃபண்ட் வாங்கிக்கொள்ளலாம் என்பது, மருந்துக்கும் பிசியோதெரபிக்கும் பணம் தேவைப்படும் நேரத்தில் ஒரு பதிலா?

அன்று ராத்திரி எக்செல் திறந்து உட்கார்ந்தேன். நான் புதிய வரித் திட்டத்தில் இருக்கிறேன். 13,68,000இல், சம்பளக்காரர்களுக்குக் கிடைக்கும் நிலையான கழிவு 75,000 போனால் 12,93,000. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், 20,000. அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம், 40,000. மிச்சம் 93,000க்கு 15 சதவீதம், 13,950. கூட்டினால் 73,950, அந்த வரியின் மேல் 4 சதவீத செஸ் என்ற கூடுதல் வரி சேர்த்து 76,908. பன்னிரண்டால் வகுத்தால் சரியாக 6,409. அதுவரை அவர்கள் கணக்கில் பிழையே இல்லை.

இப்போது எல்ஓபியைக் கழித்தேன். 22 நாளுக்கு 83,600. வருடச் சம்பளம் 12,84,400. நிலையான கழிவு போக 12,09,400. வரியில் ஒரு பத்துப் பன்னிரண்டாயிரம் குறையும் என்று நினைத்தேன். வந்த விடையைப் பார்த்துவிட்டு ஃபார்முலாவில் ஏதோ தப்பு என்று மூன்று தடவை அழித்து எழுதினேன். 9,776 ரூபாய். 76,908இலிருந்து 9,776க்கு!

தப்பு ஏதும் இல்லை. 2025-26 நிதியாண்டில் புதிய திட்டத்தில் வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை இருந்தால், வரும் 60,000 ரூபாய் வரியை 87ஏ பிரிவு முழுசாகத் தள்ளுபடி செய்துவிடும். 12 லட்சத்தைத் தாண்டினால் தள்ளுபடி போச்சு. ஆனால் ஆயிரம் ரூபாய் தாண்டியதற்காக அறுபதாயிரம் வரி கட்டச் சொல்வது அநியாயம் என்பதால் மார்ஜினல் ரிலீஃப் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு வந்ததோ, வரி அதைத் தாண்டக் கூடாது. நான் தாண்டியது 9,400. வரி 9,400, செஸ் 376. அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கை. எல்ஓபியில் போனது 83,600. வரியில் குறைந்தது 67,132. ஆக மொத்த வருடத்தில் எனக்கு உண்மையான நஷ்டம் 16,468 ரூபாய்தான். பேஸ்லிப்பைப் பார்த்து அத்தனை வருத்தப்பட்டிருக்க வேண்டாம்.

ஆனால் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை ஏழு மாதம் பிடித்தது 44,863. வருடம் முழுக்கக் கட்ட வேண்டியதே 9,776. கூடுதலாகப் போன 35,087ஐ நிறுவனம் கையில் திருப்பித் தராது, பிடித்த வரியை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் அரசாங்கத்துக்குக் கட்டிவிடுவார்கள். ஆனால் வரப்போகும் மாதங்களின் பிடித்தத்தைக் குறைக்கலாம், பூஜ்யம்கூட ஆக்கலாம். அதே நிதியாண்டுக்குள் கூடக்குறையப் பிடித்ததைச் சரிக்கட்ட 192(3) இடம் தந்தது. இதை எழுதி, எக்செல்லையும் இணைத்து மெயில் அனுப்பினேன். அவர் மறுபடி சாஃப்ட்வேரில் வழியில்லை என்பார் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் கழித்து, "நவம்பரில் இருந்து ஜீரோ பண்ணிடறேன் மேடம்" என்று ஒற்றை வரியில் பதில். ஐந்து மாதத்துக்கு 6,409 வீதம் 32,045 ரூபாய் கைக்கு வர வழி பிறந்தது. அக்டோபர் சம்பளம் போடுவதற்கு முன்பே கேட்டிருந்தால் அந்த 6,409ஐயும் தடுத்திருக்கலாம்.

கதை இத்தோடு முடியவில்லை. டிசம்பரில் எச்ஆர் மேடம் கூப்பிட்டார். நல்ல செய்தி சொல்கிறேன் என்ற குரல்.

"உங்களுக்காக ஸ்பெஷலா அப்ரூவல் வாங்கியிருக்கேன். அடுத்த வருஷ ஈட்டிய விடுப்புல 10 நாளை முன்கூட்டியே எடுத்து எல்ஓபியில கழிச்சுடலாம். 38,000 ரூபா அரியரா வந்துடும்."

உடனே சரி என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. ஒரு நாள் டைம் கேட்டேன். கணக்குப் பிரிவு சாரைக் கேட்டால், "38,000 வரும், அதுல வரியா 4,433 மட்டும் பிடிப்போம்" என்றார். கேட்பதற்கு அருமையாக இருந்தது. எக்செல்லில் போட்டுப் பார்த்தேன். சம்பளம் 38,000 கூடினால் வரிக்குரிய வருமானம் 12,47,400. 12 லட்சத்துக்கு மேல் 47,400. வரி 47,400, செஸ்ஸோடு 49,296. ஏற்கெனவே 44,863 பிடித்தாகிவிட்டது, ஆகவே இன்னும் 4,433தான் பாக்கி. அவர் சொன்னது சரி. ஆனால் எனக்கு ரீஃபண்டாக வர வேண்டிய 35,087 அதற்குள் காணாமல் போகிறது. வருவது 38,000, கூடும் வரி 39,520. பத்து நாள் விடுப்பையும் கொடுத்து, மேலே 1,520 ரூபாயும் கொடுக்கிறேன்.

12 லட்சத்துக்குச் சற்று மேலே நிற்கும் அந்த இடத்தில் ஒரு ரூபாய் கூடுதலாக வந்தால் அந்த ஒரு ரூபாயும் வரிக்கே போகிறது, செஸ் நாலு காசு மேலே. வரிக்குரிய வருமானம் சுமார் 12,70,600ஐத் தாண்டும் வரை இப்படித்தான். அதற்கு மேலே போய்விட்டால் வழக்கமான விகிதம்தான், 16 லட்சம் வரை 15 சதவீதம். ஆகவே இதைப் படித்துவிட்டு 18 லட்சம் வாங்குபவர் யாரும் எல்ஓபி போட்டால் லாபம் என்று கிளம்பிவிட வேண்டாம். அவருக்குச் சம்பள விடுப்புதான் நல்லது.

எச்ஆர் மேடத்திடம் வேண்டாம் என்று சொன்னபோது அவருக்கு முகம் வாடிவிட்டது. அப்ரூவலுக்கு அலைந்திருக்கிறார் பாவம். பேப்பரில் நாலு வரி எழுதிக் காட்டினேன். பார்த்துவிட்டு, "அந்தப் பத்து நாளை அடுத்த வருஷம் காசாக்கிக்கலாமா?" என்றார். வேலையில் இருக்கும்போது விடுப்பைக் காசாக்கினால் முழுத் தொகைக்கும் வரி உண்டு. தனியார் ஊழியர் ஓய்வு பெறும்போதோ வேலையை விடும்போதோ வாங்கினால்தான், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, 25 லட்சம் வரை விலக்கு. 2023 ஏப்ரலுக்கு முன் அந்த வரம்பு 3 லட்சம்தான். அதனால் விடுப்பை விடுப்பாகவே வைத்திருக்கிறேன். பிளேட்டை எடுக்க இன்னொரு ஆபரேஷன் வரலாம் என்று டாக்டர் வேறு சொல்லியிருக்கிறார்.

நவம்பரிலிருந்து மார்ச் வரை பேஸ்லிப்பில் டிடிஎஸ் இடத்தில் சுழியம். நம் பெயரில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்ஸில் மொத்தப் பிடித்தம் 44,863 என்று சரியாக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வங்கி வட்டி 2,140 ரூபாய் இருக்கிறது. அதுவும் அந்த 12 லட்சத்துக்கு மேலே போய் உட்காருவதால் 2,226 ரூபாய் வரியாகும், வட்டியைவிட 86 ரூபாய் அதிகம். அதுவும் போக ரீஃபண்ட் 32,860 வர வேண்டும். நிறுவனம் தரும் டிடிஎஸ் சான்றிதழான ஃபார்ம் 16 கைக்கு வந்ததும் ரிட்டர்ன் போட வேண்டியதுதான் பாக்கி.