பனைக்குத் தலை போனால் துளிர்க்காது, தோழர்

"பதுங்குகுழி என்பது தாயின் கருவறைதானே?" கே.கே. நகர் மொட்டைமாடிக் கூட்டத்தில் ஈழப்போர்க் கதைகளைப் பற்றிப் பேசிய தோழர் கேட்டுவிட்டு, ஆமோதிப்புக்காக ஈழத்திலிருந்து வந்த எங்கள் பக்கம் பார்த்தார். சிரிப்பும் வந்தது, சுள்ளென்றும் இருந்தது. பங்கருக்குள் இறங்கும் எவருக்கும் முதலில் அம்மா ஞாபகம் வராது. பாம்பு கிடக்கோ என்றுதான் பார்ப்பார்கள்.

கருவறைக்கு மூலை கிடையாது. பங்கருக்குக் கட்டாயம் வேண்டும். நேராக வெட்டினால், வாசலில் விழும் செல்லின், அதாவது பீரங்கிக் குண்டின், சிதறல் உள்ளே கடைசி ஆள்வரை போகும். அதனால்தான் 'ட' வடிவம். ஆழம் நிற்கிறவரின் கழுத்துக்கு. அகலம், எதிரெதிரே இருந்தால் முழங்கால் இடிபடும் அளவு. மேலே பனங்குற்றிகளை நெருக்கி அடுக்கி, அதற்கு மேல் தகரமோ கிடுகோ (பின்னிய தென்னோலை), அதற்கு மேல் மண், வாசலோரம் மண்மூட்டை. மூட்டையை வாய்வரை நிரப்பக் கூடாது. முக்கால்வாசி நிரப்பினால்தான் தட்டையாகப் படிந்து ஒன்றையொன்று கவ்வும். முட்ட நிரப்பியது உருண்டு விழும். யாழ்ப்பாணத்தில் பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே சுண்ணாம்புக்கல் தட்டும். 2009இல் முள்ளிவாய்க்காலில் நேர்மாறு: கடற்கரை மணல், வெட்ட வெட்டச் சரியும். அங்கே சேலைகளைக் கிழித்துப் பையாகத் தைத்து மணல் நிரப்பினார்கள். கூறைச்சேலையும் அதில் போனது. ஒரு கதையில் அந்தக் கூறைச்சேலை வந்தால் போதும், கருவறையெல்லாம் எதற்கு?

பொருள் முதலில் பொருளாக வேலை செய்ய வேண்டும். 1929இல் புத்தகமாக வந்த எரிக் மரியா ரெமார்க்கின் முதல் உலகப்போர் நாவலில் ஒரு சோடி பூட்ஸ் ஆள் மாறி ஆள் போய்க்கொண்டே இருக்கும். சாவின் குறியீடு என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஆனால் அதை அவர்கள் கேட்டு வாங்குவது நல்ல மெத்தென்ற தோல், காலைக் கடிக்காது என்பதற்காக.

எங்களுக்குச் சென்னை பழகிவிட்டது. டீக்கடையில் 'அண்ணே' என்கிறோம், வீட்டுக்குள் வந்ததும் 'அண்ணை'. தீபாவளி வெடிக்கு யாரும் இப்போது எழும்பி ஓடுவதில்லை. ராக்கெட் கிளம்பினால் மட்டும் அது வெடிக்கும்வரை பேச்சு நிற்கும். செல்லை ஏவும்போது குத்தும் சத்தத்துக்கும் அது விழும் சத்தத்துக்கும் இடையில் எண்ணிப் பழகிய வாய் அது. மற்றபடி பழகிவிட்டது. கோடையில் ரோட்டோரம் நுங்கு வெட்டுகிறவரைக் கண்டால் நின்றுவிடுகிறோம், அவ்வளவுதான். நுங்கு கையில் இருக்கும், கண் ஊரில் எங்கள் வீட்டு வளவுக்குள் எந்தப் பனை இன்னும் நிற்குதோ என்று எண்ணிக்கொண்டிருக்கும்.

பனை என்றதும் இன்னொரு வயிற்றெரிச்சல். தலையிழந்த பனை போர்க்கதைகளில் அடிக்கடி வருகிறது, சரி. ஆனால் தொலைவிலிருந்து எழுதுகிறவர்கள் கடைசிப் பத்தியில் அதில் ஒரு குருத்தை விடவைத்து விடுகிறார்கள். பனைக்கு வளரும் குருத்து ஒன்றே ஒன்றுதான், அதுவும் உச்சியில். செல் அதைக் கொண்டுபோனால் கிளைக்க வேறு மொட்டு இல்லை. மரம் மொட்டையாய் நின்று நின்று உக்கும். நம்பிக்கைதான் வேண்டுமென்றால் வேலியில் பூவரசங்கதியாலை வையுங்கள். வெட்டி ஊன்றினாலே தளிர்க்கும், பொய்யும் இல்லை.

மழையும் அப்படித்தான். வடகிழக்குப் பருவமழை சென்னைக்கும் வன்னிக்கும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வரும். வேளச்சேரிக்காரருக்குத் தண்ணீர் எப்படி ஏறும் என்று பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனாலும் அண்மையில் படிக்கக் கிடைத்த ஒரு தம்பியின் கதையில், மார்கழி அடைமழையில் ஒரு குடும்பம் பங்கருக்குள் விடியும்வரை உறங்குகிறது. மழைக்காலத்தில் அந்தக் கிடங்கு கிணறு மாதிரி. ஆச்சியிடம் ஒரு வாளியைக் கொடுங்கள், இல்லையென்றால் மாதத்தை மாசிக்கு மாற்றுங்கள் என்றோம். தம்பி மாசிக்கு இறங்கி வரவில்லை. வாளியைச் சேர்த்தார், கதை ஒரு பக்கம் நீண்டது.