கரைப்பனி நாட்குறிப்பு: உத்கியாக்விக், அலாஸ்கா

ஏப்ரல் 11
கரையோடு ஒட்டி உறைந்த கடல்பனிமேல் திமிங்கல வேட்டைக்காரர்கள் போகும் பாதையின் தடிமனை அளந்து வரைபடமாக்குகிறோம். முதல் பகுதியில் துளையிட்டாகிவிட்டது. துரப்பணம் 5 செ.மீ. விட்டம், மீட்டர் நீளத் துண்டுகள். இணைப்புகளில் கடல்நீர் உறைந்தால் கழற்ற முடியாது. மேலே எடுத்த கையோடு துடைத்துவிட வேண்டும். பாதி ஆழத்தில் நிறுத்தவே கூடாது. பனிச் சீவல் இறுகி, துரப்பணம் அங்கேயே உறைந்து நின்றுவிடும்.

ஏப்ரல் 12
மேற்குக் காற்று. பனி விளிம்புக்கு அப்பால் படகு இறக்கும் திறந்த நீர் மூடிக்கொண்டது.

ஏப்ரல் 14
மின்காந்தக் கருவி ஸ்லெட்டில் ஏறியது. சுருள்களுக்கு இடையே 3.66 மீட்டர், அதிர்வெண் 9.8 கிலோஹெர்ட்ஸ். கடல்நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். பனிக்கட்டி மிகக் குறைவாகத்தான். ஆகவே கருவி காட்டுவது நீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை: பனிக்கட்டியும் அதன்மேல் கிடக்கும் வெண்பனியும் சேர்ந்த தடிமன். வெண்பனியைத் தனியே குச்சியால் அளந்து கழிக்காவிட்டால் பனிக்கட்டி உள்ளதைவிடத் தடிமனாகத் தெரியும். ஆபத்தில் கொண்டுபோய் விடுகிற பிழை அது. ஸ்லெட்டில் உலோகம் கூடாது. ஸ்னோமொபைல் நீண்ட கயிற்றின் மறுமுனையில் இருக்கட்டும். குளிரில் பேட்டரி இறங்கும்போது எண்களும் நகரலாம், அதனால் தொடங்கிய துளைக்கே திரும்பி வந்து சரிபார்க்க வேண்டும். பனிப்பாளங்கள் மோதிக் குவிந்த முகடுகளில் இந்தக் கருவியை நம்ப முடியாது. சில மீட்டர் அகலத்தைச் சராசரியாக்கி, நீருக்குள் நீளும் அடிப்பகுதியைக் குறைத்தே காட்டும்.

ஏப்ரல் 17
எல்லோரும் கேட்பது தடிமனைத்தான். ஒன்றரை மீட்டர் பனி ஆளையும் வண்டியையும் தாராளமாகத் தாங்கும். ஆனால் அந்த ஒன்றரை மீட்டரும் அப்படியே பிய்த்துக்கொண்டு கடலுக்குள் போகலாமே! அதைப் பிடித்து வைத்திருப்பவை முகடுகள். சுமார் 20 மீட்டர் ஆழம் வரை அவற்றின் அடி கடல்தரையில் ஊன்றி நிற்கும். முன்பு பல ஆண்டுப் பழைய பனியும் வந்து சேர்ந்துகொள்ளும். இப்போது பெரும்பாலும் அந்தக் குளிர்காலத்தில் உறைந்ததுதான். ஊன்றியிருக்கிறதா இல்லையா என்று என் கருவி சொல்லாது. 1997 மே மாதம் இங்கே பனி பிளந்து, நூற்றுக்கும் மேற்பட்டோரைச் சுமந்துகொண்டு நகர்ந்தது, ஹெலிகாப்டர்களில் மீட்டார்கள்.

ஏப்ரல் 18
நீரைத் திறக்கும் கிழக்குக் காற்று இன்னும் வரவில்லை.

ஏப்ரல் 21
வண்டிகள் அழுத்திய வெண்பனியில் காற்றறைகள் குறைவு. கீழே உள்ளதைப் போர்த்திக் காக்காது. குளிர் இறங்கி அடியில் மேலும் உறைகிறது. பக்கத்துக் குவியல்களுக்குக் கீழே பனி மெலிவு. ஆகவே பாதையின் நடுவில் மட்டும் துளையிட்டால் போதாது. விளிம்பிலும், விலகியும் வேண்டும்.

ஏப்ரல் 24
வரைபடம் தயார். அளந்த தேதி ஒவ்வொரு தாளிலும் பெரிய எழுத்தில். காற்று திரும்பினால் தாள் பழையது. வேட்டைக் குழுத் தலைவர் ஒருவர் ஒரு முகட்டின்மேல் விரல் வைத்து, "இது உட்காரவில்லை" என்றார்; அடி கடல்தரையில் ஊன்றவில்லை என்று பொருள். அதையும் குறித்தாயிற்று. குறிக்காமல் விடலாமா? 1977இல் சர்வதேசத் திமிங்கல வேட்டை ஆணையம், வில்தலைத் திமிங்கலம் மிகக் குறைந்துவிட்டது என்று இந்த வேட்டைக்கே தடை விதித்தது. பனிக்கு அடியிலும் போகும், கரையிலிருந்து எட்டவும் போகும், கண்ணில் பட்டவை மட்டும் கணக்கல்ல என்றார்கள் இங்குள்ள பூர்வகுடி இனுப்பியாட் வேட்டைக்காரர்கள். நீருக்குள் ஒலிவாங்கி இறக்கி எண்ணியபோது அவர்கள் சொன்னது சரியாக இருந்தது. 2011ஆம் ஆண்டுக்கான மதிப்பீடு 16,000க்கும் மேல்.

ஏப்ரல் 27
இன்று வேறு அளவீடு: வேட்டை இறைச்சி வைக்கும் நிலவறைகள், ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கும் மண்ணில் சில மீட்டர் ஆழத்தில். வெப்ப உணரிச் சரத்தை இறக்குமுன், நொறுக்கிய பனிக்கட்டியும் நன்னீரும் கலந்த வாளியில் வைத்துப் பூஜ்யம் டிகிரி காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். மூடி திறந்திருந்த நேரத்தையும் குறிக்க வேண்டும். இல்லையேல் மண் சூடானதா, வெளிக்காற்று புகுந்ததா தெரியாது. நீர் கசிந்தால் உடனே வெப்பமயமாதல் என்று எழுதிவிடக் கூடாது. உப்பு கலந்த மண், மேலே போட்ட சாலை, வடிகால் இல்லாத முற்றம் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். உரிமையாளர் சம்மதமில்லாமல் அளவீடு இல்லை. அறைகள் இருக்கும் இடம் எந்த வெளியீட்டிலும் வராது.

அந்த முகடு உட்கார்ந்ததா?

ஏப்ரல் 30
கிழக்கு! நீர் திறந்துவிட்டது. படகுகள் விளிம்புக்குப் போகின்றன.

மே 3
தென்மேற்குக் காற்று, நீர்மட்டம் ஏறுகிறது. இங்கே ஓதம் சிறியது. காற்று தள்ளும் நீர்தான் பெரிது. முகட்டின் அடியை அது தூக்கிவிட்டால் பிடி போயிற்று, தடிமன் ஒரு விரல்கூட மாறாமலே. விரிசலின் இருபுறமும் முளை அடித்து, இடைவெளியை நாடாவால் அளக்கிறோம். கூடாரங்களைப் பின்னுக்கு எடுக்கத் தலைவர்கள் சொல்லிவிட்டார்கள்.

மே 4
முளைகளின் இடைவெளி கூடியிருக்கிறது. பாதை வரைபடத்தைத் திரும்பப் பெற்றாயிற்று. வெளியே யாரும் இல்லை.