எர்த்தைச் சரி செய்தேன், சத்தம் கூடிவிட்டது

ஒரு மாதமாக ஹாலில் ஒரு வண்டு குடியிருந்தது. பாட்டு ஓடும்போது தெரியாது. ஒரு கீர்த்தனை முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் ஸ்பீக்கரிலிருந்து ‘ர்ர்ர்’ என்று கிளம்பும். சிஸ்டம் ஒன்றும் பெரிதில்லை. ஒரு பழைய ஸ்டீரியோ ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), அதில் டிஜிட்டல் ஒலியை ஆம்புக்குப் புரியும் சிக்னலாக மாற்றும் டேக் (DAC) பெட்டி ஒன்று, டேக்குக்கு யுஎஸ்பி வழியாக லேப்டாப். டிவியின் ஹெட்போன் துளையிலிருந்து ஆம்புக்கு ஆர்சிஏ என்கிற ஆடியோ ஒயர் ஒன்று. அவ்வளவுதான்.

முதலில் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனேன். சத்தமும் நின்றது. ஆக, ஆம்பின் பவர் சப்ளை மேல் பழி இல்லை. வால்யூம் கன்ட்ரோலுக்கு முன்னாலேயே ஏதோ நுழைகிறது. அப்போதுதான் இன்னொன்றைக் கவனித்தேன். ஆம்பின் மேல் தகட்டில் விரலை வைத்தால் லேசாகச் சுள்ளென்றது, கை அங்கே இருக்கும்வரை வண்டும் பாதியாக அடங்கியது. டெஸ்டரை வைத்துப் பார்த்தால் மங்கலாக எரிகிறது. மல்டிமீட்டரில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 231 வோல்ட். பேஸுக்கும் எர்த்துக்கும் அதே அளவு வரவேண்டும். எனக்கு 90-இல் தொடங்கி ஆடிக்கொண்டே இருந்தது.

எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து ஸ்விட்ச் பாக்ஸைத் திறந்தார். பச்சை ஒயர் ஸ்க்ரூவிலிருந்து நழுவி ஓரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. முடுக்கிவிட்டு, பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லாம்பை வைத்தார். வீடே இருண்டது.

“பயப்படாதீங்க சார், இஎல்சிபி விழுந்திருக்கு. விழணும். விழுந்தாத்தான் எர்த் வருதுன்னு அர்த்தம்.”

30 மில்லி ஆம்பியர் எர்த் பக்கம் போனாலே விழும் கருவி அது. சரி, வேலை முடிந்தது என்று ஆம்பைப் போட்டேன். ‘ர்ர்ர்’ சுத்தமாக இல்லை. சுள்ளென்பதும் இல்லை. அதற்குப் பதிலாக, அடிவயிற்றிலிருந்து வருவதுபோல ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம், முன்பைவிடப் பெரிதாக! நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அப்படியே வந்து நின்றது.

“மூணாவது பின்னை எடுத்துவிட்டுடலாமா சார்? நிறைய பேர் அப்படித்தான் ஓட்டுறாங்க” என்றார் அண்ணன். எர்த்துக்கான அந்தப் பின்னை எடுத்தால் சத்தம் போயிருக்கும்தான். உள்ளே என்றைக்காவது ஒரு ஒயர் உரிந்து தகட்டில் பட்டால் அதைத் தொடுகிறவர் கதி என்ன? வேண்டாம் என்றேன்.

அன்று இரவு ஒவ்வொன்றாகக் கழற்றினோம். நான் ஸ்பீக்கரில் காதை வைத்திருந்தேன், மனைவி ஒயர்களைப் பிடுங்கினாள். செட்டாப் பாக்ஸின் கேபிளைத் திருகிக் கழற்றியதும் கப்சிப். திரும்ப மாட்டினால் ‘ம்ம்ம்’. அந்தக் கேபிளின் வெளி உலோகத்துக்கும் ஆம்பின் தகட்டுக்கும் நடுவே மீட்டரை வைத்தால் 14 வோல்ட் ஏசி.

கதை இதுதான். கேபிளின் வெளிப் பின்னல் தெருவில் எங்கெங்கோ போய்த் தரையைத் தொடுகிறது. அதே பின்னல் செட்டாப் பாக்ஸ், எச்டிஎம்ஐ, டிவி, ஆர்சிஏ ஒயர் வழியாக ஆம்புக்கு வந்து, என் வீட்டு எர்த்திலும் தரையைத் தொடுகிறது. இரண்டு தரைக்கும் வோல்டேஜ் மட்டம் ஒன்றல்ல. அதனால் பாட்டு வருகிற ஒயரிலேயே ஒரு வெட்டி மின்னோட்டம் சுற்றிவருகிறது. முன்பு பச்சை ஒயர் கழன்றிருந்ததால் வட்டம் முழுமையாகவில்லை. நான்தான் காசு கொடுத்து முழுமையாக்கினேன்.

கடையில் கிடைத்த மலிவான கிரவுண்ட் லூப் ஐசொலேட்டரை (இந்த வட்டத்தை வெட்டிவிடும் குட்டிப் பெட்டி) ஆர்சிஏ ஒயரில் சொருகிப் பார்த்தேன். ரீங்காரம் போனது. கூடவே மிருதங்கத்தின் தொப்பியில் இருந்த கனமும் போனது. உள்ளே இருப்பது குட்டி டிரான்ஸ்பார்மர். அந்தக் கனத்த ஒலியைத் தாங்கும் அளவுக்கு அதில் இரும்பு இல்லை.

மிச்சம் இருந்த வழி ஆப்டிகல். 1983-இல் தோஷிபா கொண்டுவந்த டாஸ்லிங்க்தான்: சிவப்பு வெளிச்சம், பிளாஸ்டிக் இழை, உலோகத் தொடர்பே கிடையாது. டிவியிலிருந்து நேராக டேக்குக்கு. ஆர்சிஏ ஒயரை உருவிப் போட்டுவிட்டு இதை மாட்டினேன். ஊமை. டேக்கின் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. அரை மணி நேரம் மெனுக்களில் அலைந்த பிறகு பார்த்தால், ஒயரின் ஒரு முனையில் கண்ணாடிபோன்ற குட்டி மூடி அப்படியே இருக்கிறது. இதை மனைவியிடம் சொல்லவில்லை.

மூடியைக் கழற்றியதும் யூடியூப் பாடியது. படம் போட்டால் மறுபடி ஊமை. டிவியின் டிஜிட்டல் அவுட்புட் ‘ஆட்டோ’வில் இருந்தது, படங்களுக்கு டால்பி முறையில் சுருக்கிய ஒலியை அப்படியே அனுப்புகிறது, என் டேக்குக்குச் சுருக்காத பிசிஎம் தவிர வேறு பாஷை தெரியாது. ‘பிசிஎம்’ என்று மாற்றினேன், வந்தது. இப்போது கேபிள் மாட்டியிருக்கும்போதே வால்யூமை முக்கால்வாசி திருகினாலும் ஃபேன் சத்தம்தான் கேட்கிறது. டிவி ரிமோட்டில் சத்தம் கூடவில்லை என்று அம்மாவுக்கு மட்டும் வருத்தம்.

லேப்டாப் வேலை பாக்கி. சார்ஜர் மாட்டியிருக்கும்போது மவுஸை நகர்த்தினால் ஸ்பீக்கரில் எலி பிராண்டுவதுபோல் கேட்கிறது. சார்ஜரை உருவினால் இல்லை. அதே வட்டத்தின் தம்பிதான். ஆம்ப் இருக்கும் எக்ஸ்டென்ஷன் போர்டிலேயே சார்ஜரையும் மாட்டியதில் கொஞ்சம் குறைந்திருக்கிறது. யுஎஸ்பி ஐசொலேட்டர் வாங்கும்வரை பேட்டரியில்தான் பாட்டு.