நினைத்தால் ஏறி நினைத்தால் இறங்கும் டெம்பரேச்சர் முள்

தினமும் கொதிக்கிற வண்டியில் கோளாறு கண்டுபிடிப்பது சுலபம். ஒருநாள் முள் சிவப்பைத் தொட்டுவிட்டு, ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினதும் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி நிற்கிற வண்டிதான் பாடாய்ப் படுத்தும். அனுமானத்தில் முதலில் தெர்மோஸ்டாட் (சூடேறினால் ரேடியேட்டருக்கு வழி திறக்கிற வால்வு), அடுத்து வாட்டர் பம்ப், கடைசியில் ரேடியேட்டர் என்று மாற்றிக்கொண்டே போவார்கள். ஸ்பேனரை எடுக்கும் முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எங்கே போகும்போது ஏறுகிறது?

திருநெல்வேலியில் வண்ணார்பேட்டை, ஜங்ஷன் நெரிசலில் ஊர்ந்தால் ஏறி, நாங்குநேரி பக்கம் நாற்கரச் சாலையில் 80-இல் போனதும் இறங்கினால் காற்று போதவில்லை. ஃபேன் பக்கம் போங்கள். ஊருக்குள் சரியாக இருந்து, 100-இல் ஏசி போட்டு ஓட்டும்போது ஏறினால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை. மாஞ்சோலை மலை ஏற்றத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. அங்கே வேகமும் கிடையாது, எஞ்சினுக்கு லோடும் முழுசு. இரண்டு கோளாறும் ஒரே மாதிரிதான் தெரியும்.

முள்ளையும் நம்ப வேண்டாம். பல கார்களில் சுமார் 80 டிகிரியிலிருந்து 105 வரை அது நடுவிலேயே நிற்கும்படிதான் வைத்திருப்பார்கள். வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கிற புளூடூத் ஓபிடி ஸ்கேனர் ஒன்றைச் செருகி, கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) டிகிரியைப் போனில் பாருங்கள். 85 முதல் 100 வரை ஏறி இறங்குவது இயல்பு. கொதிக்கிற வண்டியில் எண் திடீரென்று சரிந்தால் சந்தோஷப்படாதீர்கள். தண்ணீர் குறைந்து சென்சார் வெறும் ஆவியில் நிற்கலாம்.

ஃபேனுக்கு வருவோம். ஏசியைப் போட்டதும் சுற்ற வேண்டும். ஏசி இல்லாமல் ஐடிலில் விட்டால் பெரும்பாலான வண்டிகளில் 95, 100 டிகிரிக்குள் தானே கிளம்பும். ஏசிக்குச் சுற்றி சூட்டுக்குச் சுற்றவில்லை என்றால் மோட்டார் நல்லது. சென்சார் பக்கம் பாருங்கள். நிறைய மாடல்களில் சென்சார் கனெக்டரைக் கழற்றினால் ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) பாதுகாப்புக்காக ஃபேனை ஓடவிடும், அதுவும் ஒரு சோதனை. எதற்குமே சுற்றாமல், மோட்டாரை ஒரு குச்சியால் தட்டினால் கிளம்புகிறதா? கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. கனெக்டரைப் பிரித்து பின்னைக் கவனியுங்கள்: பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தால், சூடாகும்போது மட்டும் தொடர்பு விட்டுப்போகிறது என்று அர்த்தம். ரிலேயை, அதே எண் உள்ள ஹாரன் ரிலேயோடு மாற்றிப் போட்டுப் பார்க்கக் காசு செலவில்லை. சாவி ஆஃபில் இருந்தாலும் சில வண்டிகளில் ஃபேன் திடீரென்று சுற்றும். விரலை உள்ளே விடாதீர்கள். ஃபேனை டைரக்ட் ஒயர் கொடுத்து ஓட விடுவது வைத்தியமே அல்ல.

ஃபேன் சரி என்றால் ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் நடுவே டார்ச் அடியுங்கள். பிசான அறுப்பு சமயத்தில் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி பக்கம் ரோட்டில் காயும் நெல் மேல் ஓட்டிய வண்டி என்றால் பதரும் வைக்கோல் துணுக்கும் அந்த இடுக்கில் மெத்தையாகப் படிந்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. எஞ்சின் பக்கமிருந்து முன்னோக்கித் தண்ணீர் அடிக்க வேண்டும். பிரஷர் பம்பை ஒட்டி வைத்தால் ஃபின் என்கிற மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

அதிகம் ஏமாற்றுவது ரேடியேட்டர் மூடி. அதில் 0.9 அல்லது 1.1 என்று அச்சிட்டிருப்பது பார் கணக்கில் அழுத்தம். அந்த அழுத்தம் நின்றால்தான் தண்ணீர் சுமார் 120 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் நெடுந்தூர ஓட்டத்தில் மட்டும் பொங்கும். மூடியின் நடுவில் இருக்கிற சின்ன வால்வு ஒட்டிக்கொண்டால் வேறு கூத்து: ரிசர்வ் டேங்குக்குப் போன கூலண்ட் ஆறியபின் திரும்பி வராது. டேங்க் நிறைய இருக்கும், ரேடியேட்டர் வாய் காலியாக இருக்கும். காலையில் மேல் ஹோஸ் சப்பிப் போயிருந்தால் இதுதான். முழு ஆறின வண்டியில் மூடியைத் திறந்து பாருங்கள். புது மூடி போடும்போது அதே எண்ணில் வாங்குங்கள்.

ஓட்டக் குறைவு என்றால் இங்கே முதல் சந்தேகம் தண்ணீர் மேல். ராதாபுரம், திசையன்விளை பக்கத்து போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓட்டியிருந்தால் உப்பு குழாய்க்குள் கட்டியிருக்கும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை ரேடியேட்டர் முகத்தில் நகர்த்துங்கள். நடுவே திட்டுத்திட்டாகக் குளிர்ந்திருந்தால் அந்தக் குழாய்கள் அடைப்பு. கூலண்டும் டிஸ்டில்ட் வாட்டரும் சரிபாதி. சின்னக் காருக்கு மொத்தம் நாலைந்து லிட்டர். கீழ் ஹோஸையும் யாரையாவது 3,000 ஆர்பிஎம்முக்கு ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொல்லிப் பாருங்கள், உள்ளுக்குள் உறிஞ்சிச் சப்பினால் மாற்ற வேண்டியதுதான்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம்மூர் வழக்கம். பல எஞ்சின்களில் அப்படிச் செய்தால் பைபாஸ் என்கிற குறுக்கு வழி அடையாமல், தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றும்; மற்ற நேரத்தில் எஞ்சின் சூடேறாமல் பெட்ரோல் குடிக்கும். கழற்றின தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, சட்டி தண்ணீரில் தெர்மாமீட்டரோடு தொங்கவிட்டுச் சுடவையுங்கள். அதன் மேலே 82 என்று அச்சிட்டிருந்தால் அந்த அளவில் திறக்க ஆரம்பித்து, 95 வாக்கில் முழுதாகத் திறக்க வேண்டும். இரண்டு மூன்று முறை ஆறவைத்துச் செய்யுங்கள். எப்போதாவது சிக்குகிற வால்வு முதல் தடவையிலேயே அகப்படாது.

எல்லாம் சரியாக இருந்தும் கூலண்ட் குறைந்துகொண்டே போனால், எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கிற ஹெட் கேஸ்கெட் மேல் சந்தேகப்படுங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், எஞ்சின் சூடேறும் முன்பே அழுத்தம் வந்துவிட்டது. அது கூலண்டுக்குள் கசிகிற சிலிண்டர் புகை. இந்தப் புகையைச் சோதிக்கிற பிளாக் டெஸ்டர் கருவியின் திரவம் நீலத்திலிருந்து மஞ்சளானால் அதோடு முடிவு. ஹெட்டை இறக்கினால் லேத்தில் சமதளம் பார்க்காமல் புது கேஸ்கெட் போட விடாதீர்கள்.