இரண்டாம் ஹேட்ச்சில் புகை

கப்பலில் கேடட்டாக, அதாவது பயிற்சி அதிகாரியாக, இருந்த காலத்தில் மும்பை விக்டோரியா டாக்கில் ஒரு சீனியர் கையை நீட்டி, "ஃபோர்ட் ஸ்டிகின் வெடிச்சது இங்கதாம்பா" என்றார். அப்போது அது எனக்கு வெறும் பெயர். சரக்கு ஏற்றும் பொறுப்பு என் தலையில் வந்த பிறகுதான், எந்தச் சரக்கை எங்கே வைப்பது என்று ஸ்டோவேஜ் பிளான் போட உட்காரும்போதெல்லாம் அந்தக் கப்பல் ஞாபகத்துக்கு வர ஆரம்பித்தது.

போருக்காக அவசர அவசரமாகக் கட்டிய சரக்குக் கப்பல்களில் அதுவும் ஒன்று. 1942-இல் கனடாவின் பிரின்ஸ் ரூபர்ட்டில் கட்டியது, ஏழாயிரம் டன் சொச்சம். 1944 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பர்கன்ஹெட்டிலிருந்து கிளம்பியபோது உள்ளே சுமார் 1,400 டன் வெடிபொருள், ஸ்பிட்ஃபயர் விமானங்கள், தங்கக் கட்டிகள். கராச்சியில் கொஞ்சம் இறக்கினார்கள். காலியான இடத்தைச் சும்மா விடுவார்களா, கப்பலுக்கே பஞ்சமான நேரம். 8,700 பேல் (பொதி) பஞ்சு, மசகு எண்ணெய், மரம், கந்தகம், மீன் உரம் என்று கிடைத்ததையெல்லாம் ஏற்றிவிட்டார்கள். வெடிபொருள் இருந்த அதே இரண்டாம் ஹோல்டில், அதாவது ஹேட்ச் என்கிற மேல்வாசலுக்குக் கீழே இருக்கும் சரக்கு அறையில், பஞ்சும்.

பஞ்சு ஏற்றிப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பயங்கரம் என்று தெரியும். இறுக்கிக் கட்டிய பேலுக்குள் ஒரு பொறி போய்விட்டால் வெளியே ஒன்றுமே தெரியாது, உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும், மேலே ஊற்றும் தண்ணீர் நடு வரைக்கும் போகாது.

ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை. பக்கத்துக் கப்பலில் இருந்தவர்கள் மதியம் 12:30 வாக்கிலேயே புகையைப் பார்த்திருக்கிறார்கள், யாரும் சத்தம் போடவில்லை. இரண்டு மணி வாக்கில்தான் ஃபோர்ட் ஸ்டிகினில் இருந்தவர்களுக்கே தெரிந்தது. அப்புறம் 900 டன்னுக்கு மேல் தண்ணீர் அடித்தார்கள், அந்தத் தண்ணீரே கொதித்தது. 3:50-க்குக் கப்பலைக் கைவிடச் சொல்லி உத்தரவு, 4:06-க்கு முதல் வெடிப்பு, அரை மணி நேரத்தில் இரண்டாவது. செத்தவர்கள் எண்ணூறு என்கிறார்கள், அதற்கும் மேல் என்கிறார்கள். அதில் 66 பேர் தீயணைப்பு வீரர்கள், அவர்கள் நினைவாகத்தான் இன்றும் ஏப்ரல் 14 தீயணைப்பு சேவை நாள். தங்கக் கட்டி பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு, புகையைப் பார்த்தும் யாரும் சத்தம் போடாத அந்த ஒன்றரை மணி நேரம்தான் மனசை அறுக்கிறது.

ஏனென்றால் அந்த இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். தெற்கே ஒரு துறைமுகத்தில் பஞ்சு ஏற்றிக்கொண்டிருந்தோம், ராத்திரி ஷிஃப்ட், கிளம்புகிற அவசரம். கூலிக்காரர்களின் மேஸ்திரி ஏணியேறி வந்து, "சார், ரெண்டாம் ஹேட்ச்ல ஒரு மாதிரி வாடை வருது" என்றார். லாரிப் புகையாக இருக்கும் அண்ணே என்றேன். அவர் போகவில்லை. "லாரி வாடை எனக்குத் தெரியாதா சார், நீங்க ஒருவாட்டி இறங்கிப் பாருங்க" என்று அங்கேயே நின்றார். இறங்கினேன். மூன்றாவது வரிசையில் ஒரு பேலின் மேல் கை வைத்தால், காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சூடு.

வேலையை நிறுத்தி, அதைத் தூக்கி டாக்கில் இறக்கித் தள்ளிக்கொண்டுபோய்ப் பிரித்தோம். நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கருகியிருந்தது, காற்றுப் பட்டதும் ஓரத்தில் சிவப்பு ஓடியது. அதை அணைத்து முடிப்பதற்குள் மேஸ்திரி மறுபடி ஹோல்டுக்குள் இறங்கிவிட்டார், மீதி பேல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார்.